மலையகத்திலிருந்து வெளிநாட்டுச் சேவைக்கு: போட்டிப் பரீட்சைக்குத் தயாராவது எப்படி?

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புது டில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்கள் 975,000 பேரின் தலைவிதி அதில் எழுதப்பட்டிருந்தது. 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும். 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த எஞ்சியவர்களையும் இரு நாடுகளும் 75,000 பேர் வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நம் குடும்பங்கள் பல இந்த எண்களுக்குள்தான் உடைந்தன. அக்கா பொகவந்தலாவையில் தங்கிவிட, தம்பி கோத்தகிரிக்குப் போனான். அந்த மக்களின் விருப்பம் என்ன என்று எவரும் கேட்கவில்லை.

இரு நாடுகள் இப்படிப் பேசும்போது மேசைக்கு வரும் கோப்புகளைத் தயாரிப்பவர்களும், பேச்சுக் குறிப்புகளை எழுதுபவர்களும், கையொப்பத்துக்குப் பின் அதை நடைமுறைப்படுத்துபவர்களும் இராஜதந்திரிகள். அந்தச் சேவைக்குள் மலையகப் பிள்ளைகள் கணிசமாகப் போக வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, மாத்தளைப் பக்கங்களிலிருந்து பட்டம் பெற்ற, அல்லது பட்டத்தின் இறுதி ஆண்டில் இருக்கும், வீட்டில் எவரும் இப்படியொரு பரீட்சை எழுதியிராத தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தச் சேவை, என்ன வேலை

இலங்கை வெளிநாட்டுச் சேவை 1949இல் தொடங்கியது. சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு. அதன் தலைமையகம் கொழும்புக் கோட்டையிலுள்ள குடியரசுக் கட்டிடத்தில் இயங்கும் வெளிநாட்டலுவல்கள் அமைச்சு. சேவையில் இருப்பவர் சில ஆண்டுகள் கொழும்பிலும் சில ஆண்டுகள் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் மாறி மாறிப் பணியாற்றுவார். தூதுவர் நியமனங்கள் சேவைக்கு வெளியிலிருந்தும் நடப்பதுண்டு. ஆனால் தூதரகத்தை நாள்தோறும் இயக்குபவர்கள் சேவை அதிகாரிகளே.

வெளிநாட்டு விருந்துகளையும் கொடி பறக்கும் காரையும் மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். வேலையில் பெரும்பகுதி எழுத்து. இன்னொரு பெரும்பகுதி கொன்சியூலர் பணி: கடவுச்சீட்டைத் தொலைத்தவர், சம்பளம் கிடைக்காதவர், சிறையில் இருப்பவர், இறந்துபோனவரின் உடலை ஊருக்கு அனுப்ப வழி தெரியாமல் நிற்கும் உறவினர். நமது தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் லயத்திலேயே எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் நள்ளிரவில் தூதரக வாசலுக்கு வந்து நிற்கும்போது, அவருடைய தமிழைப் புரிந்துகொண்டு பேசும் அதிகாரி ஒருவர் உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய விடயம்! இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா சமவாயத்தையும், கொன்சியூலர் உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா சமவாயத்தையும் பரீட்சைக்காகப் படிக்கும்போது இந்தக் காட்சியை மனதில் வைத்துப் படியுங்கள். பின்னையதன் 36ஆம் உறுப்புரை, வெளிநாட்டில் கைதான ஒருவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டின் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அப்படி வாசித்தால் ஒரு முறையிலேயே பதிந்துவிடும்.

முதலில் வர்த்தமானி

இந்தப் பரீட்சை ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. வெற்றிடங்கள் இருக்கும்போது அரசாங்க சேவை ஆணைக்குழுவின் பணிப்பின்பேரில் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளிவரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருவது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கும். வெள்ளி இரவு பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள். விண்ணப்பத்துக்குத் தரப்படும் கால அவகாசம் குறைவு. நண்பர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ளும்போது அதில் பாதி கழிந்திருக்கும்.

அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கடந்த முறை வெளிவந்த அறிவித்தலைத் தேடி எடுத்துத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதோடு வெளிநாட்டுச் சேவையின் பிரமாணக் குறிப்பையும் (சேவையின் ஆட்சேர்ப்பு விதிகள்) வாசியுங்கள். ஒரு சிவப்புப் பேனாவால் இவற்றைக் கோடிடுங்கள்: வயதெல்லையும் அது எந்தத் திகதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதும், கேட்கப்படும் பட்டத் தகைமை, பட்டம் எந்தத் திகதிக்கு முன் வலுவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது, பரீட்சை மொழி பற்றிய நிபந்தனை, வினாத்தாள்களின் பெயர்களும் ஒவ்வொன்றிலும் பெற வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியும். புதிய அறிவித்தல் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விதிகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. கடந்த முறை எழுதியவர் சொன்னதை நம்பி இந்த முறை விண்ணப்பிப்பது ஆபத்து.

பட்டத் திகதியில் பலர் இடறுகிறார்கள். பெறுபேறு வந்துவிட்டது, பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள், பட்டம் எந்தத் திகதியிலிருந்து வலுவுக்கு வருகிறது என்று குறிப்பிடும் கடிதத்தைப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். பேராதனையில் படித்தவருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் வெளிவாரியாகப் பட்டம் முடித்தவருக்கும் இது பொருந்தும்.

ஆவணங்கள்: நமக்கே உரிய சிக்கல்

கொழும்புப் பிள்ளைக்கு ஒரு பிற்பகலில் முடியும் இந்த வேலை நமக்கு மாதக்கணக்கில் இழுக்கக்கூடும். ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்புங்கள். பெயரை எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். தோட்டப் பகுதிகளில் பிறப்பைப் பதியும்போது வாய்மொழியாகச் சொன்ன பெயர் கேட்டவரின் காதுக்கு ஏற்றபடி சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், பாடசாலையில் வேறொரு வடிவம் எடுத்து நிற்பது நமக்குப் புதிதல்ல. பிறப்புச் சான்றிதழில் “செல்வராஜா”, அடையாள அட்டையில் “செல்வராஜ்”. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுமையாகவும் இருக்கும். சிலருக்குப் பெற்றோரின் விவாகப் பதிவு பற்றிய கூடே வெறுமையாக இருக்கும்.

இத்தகைய பிழை இருந்தால் உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இன்றே போங்கள். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் செய்ய எந்தப் படிவம், எந்தச் சான்றுகள் தேவை என்று அவர் சொல்வார். பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ், பெற்றோரின் ஆவணங்கள் என்று பழைய தாள்கள் எவை கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வைத்தால் சில இடங்களில் சமாளிக்கலாம். ஆனால் அரச உயர்சேவைக்குப் போகிறவர் மூல ஆவணத்தையே திருத்திவிடுவது நல்லது. நியமனத்துக்கு முன்னரும் பின்னரும் ஒவ்வொரு படியிலும் இந்தப் பெயர் உங்களைத் தொடரும்.

அடுத்தது முகவரி. தோட்டத்து லயங்களுக்கு வரும் கடிதம் வீட்டு வாசலுக்கு வராது. தோட்ட அலுவலகத்தில் தங்கி, ஆள்மாறிக் கைமாறி, திகதி கடந்தபின் வந்து சேர்ந்த நேர்முகக் கடிதங்கள் நம் சமூகத்தில் ஏராளம். நகரத்தில் நம்பிக்கையான உறவினர், படித்த பாடசாலை, கோயில் அல்லது தேவாலய அலுவலகம் என ஏதாவது ஒரு முகவரியை அவர்களின் சம்மதத்தோடு கொடுங்கள். இணையவழியாக விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடை வைத்திருப்பவரின் மின்னஞ்சலில் விண்ணப்பித்துவிட்டு, அனுமதி அட்டை எங்கே என்று தேடுவது வேண்டாத வேலை. விண்ணப்பத்தின் பிரதியையும் கட்டணப் பற்றுச்சீட்டையும் ஒரு கோப்பில் போட்டு, வீட்டில் மழை ஒழுகாத மூலையில் வையுங்கள்.

எதைப் படிப்பது

வினாத்தாள்களின் பெயர்கள் மாறினாலும் இத்தகைய பரீட்சைகள் தேடும் திறன்கள் மாறுவதில்லை. தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். நீண்ட பந்தியைச் சுருக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலம் வேண்டும். இலங்கையையும் உலகையும் பற்றிய அறிவு வேண்டும். நுண்ணறிவு வினாக்களை வேகமாகச் செய்ய வேண்டும். அறிவித்தலுக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே தொடங்கினால்தான் இவை கைகூடும். கடைசி ஆறு வாரங்களில் மனப்பாடம் செய்து இதில் தேற முடியாது.

எழுத்துத் தமிழிலிருந்து தொடங்குங்கள். தமிழ்தானே, தெரிந்ததுதானே என்று விடுபவர்கள் அதிலேயே புள்ளிகளை இழக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு கட்டுரைகள், இரண்டு சுருக்கங்கள் கையால் எழுதுங்கள். தட்டச்சில் பழகிய கை மூன்று மணித்தியாலம் தாங்காது.

சுருக்கம் எழுதுவதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது மூலப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“2017 டிசம்பரில், இலங்கையிலிருந்து சென்ற தேயிலைப் பொதியொன்றில் தானியங்களுக்குக் கேடு விளைவிக்கும் வண்டு காணப்பட்டதாகக் கூறி, இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை ரஷ்யா தற்காலிகமாக நிறுத்தியது. ரஷ்யா இலங்கைத் தேயிலையின் முக்கிய சந்தைகளில் ஒன்று என்பதால் தேயிலைத் துறையினர் பெரும் கவலை அடைந்தனர். அதே காலப்பகுதியில், உடல்நலக் கேடு கருதி அஸ்பெஸ்டஸ் பாவனையைத் தடை செய்வதற்கு இலங்கை ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அஸ்பெஸ்டஸ் உற்பத்தியில் உலகின் முன்னணி நாடு ரஷ்யா. இரு தரப்புத் தொடர்பாடல்களின் பின்னர் சில நாட்களில் தேயிலை மீதான தடை நீங்கியது. அஸ்பெஸ்டஸ் மீதான தடையும் ஒத்திவைக்கப்பட்டது.”

இதை மூன்றிலொரு பங்காக்கினால்:

“பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. தொடர்பாடல்களின் பின் அத்தடை நீங்கியது. அஸ்பெஸ்டஸ் உற்பத்தியில் முன்னணி நாடு ரஷ்யா; அஸ்பெஸ்டஸ் தடையை இலங்கையும் ஒத்திவைத்தது.”

எதை விட்டோம் என்று பாருங்கள். தேயிலைத் துறையினரின் கவலை போய்விட்டது. உடல்நலக் காரணமும் போய்விட்டது. எதைச் சேர்க்கவில்லை என்பது அதைவிட முக்கியம். “ரஷ்யா அழுத்தம் கொடுத்தது” என்று எழுத உங்கள் கை துடிக்கும். மூலம் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே சுருக்கத்தில் அதற்கு இடமில்லை. அதே செய்தியைக் கட்டுரைக்கு எடுத்தால் அந்த ஊகத்தை முன்வைக்கலாம். அப்போது இரண்டு தடைகளின் காலப்பொருத்தத்தைக் காட்டி, இது ஊகம் என்பதையும் வாசகருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். நடந்தது எது, நாம் கருதுவது எது என்று பிரித்து எழுதும் இந்தப் பழக்கமே இராஜதந்திரியின் அடிப்படைப் பயிற்சி. தூதரகத்திலிருந்து அமைச்சுக்குப் போகும் ஒவ்வோர் அறிக்கையும் இதையே கேட்கும்.

ஆங்கிலம்

நம் பிள்ளைகள் அஞ்சிப் பின்வாங்கும் இடம் இதுதான் என்பதை அறிவேன். அச்சத்துக்குக் காரணம் அவர்களிடம் இல்லை. ஆங்கில ஆசிரியர் இல்லாமலே சாதாரண தரம் வரை படித்து வந்த பாடசாலைகள் நமக்கு உண்டு. ஆனால் பரீட்சை அந்தக் காரணத்தைக் கேட்காது. ஆகவே இன்றிலிருந்து ஒரு முறையைப் பிடியுங்கள்.

வெளிநாட்டலுவல்கள் அமைச்சு தன் ஊடக அறிக்கைகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வெளியிடுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்த ஓர் அறிக்கையை எடுங்கள். தமிழ் வடிவத்தை வாசித்து, ஆங்கிலத்தைப் பார்க்காமல் நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு அமைச்சின் ஆங்கிலத்தோடு ஒப்பிடுங்கள். முதல் மாதம் உங்கள் தாள் சிவப்பாகவே இருக்கும். விடாமல் செய்தால், ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கண்டிக்கும்போது எந்த வினைச்சொல், கவலை தெரிவிக்கும்போது எந்தச் சொல், வரவேற்கும்போது எந்த வாக்கிய அமைப்பு என்பதெல்லாம் தாமாகவே பிடிபடும். எந்த இலக்கண நூலும் தராத பயிற்சி இது, செலவும் இல்லை. கூடவே தமிழ்க் கலைச்சொற்களும் சேரும்: உடன்படிக்கை, பிரகடனம், இருதரப்பு, பல்தரப்பு, நற்சான்றுப் பத்திரம்.

பேச்சுக்கு ஒரு துணை தேவை. உங்களைப் போலவே தயாராகும் ஒருவரைப் பிடியுங்கள். நாளுக்குக் கால்மணி நேரம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் அன்றைய செய்தியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பிழை விட்டால் சிரிப்பவரைத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

சிங்களத்தையும் விட்டுவிடாதீர்கள். தமிழ் மொழிமூலம் பரீட்சை எழுதிச் சேவைக்குள் வருபவர், குறித்த காலத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். பேச்சுச் சிங்களம் நமக்கு ஏற்கனவே சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய ஒன்று. எழுத்தையும் இப்போதே சேர்த்துக்கொண்டால் பிறகு சுமை குறையும்.

இலங்கையும் உலகமும்: வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

நகரத்துத் தனியார் வகுப்புகளில் தரும் தடித்த குறிப்புகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். வெளியுறவுக் கொள்கை நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

தேயிலையை எடுங்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டது முதல் அது வெளிநாட்டுச் சந்தைக்காகவே வளர்ந்த பயிர். ஈரானிடம் 2012இல் வாங்கிய எண்ணெய்க்கான கடன் ஏறத்தாழ 25 கோடி டொலர் நிலுவையாக நின்றது. ஈரான் மீதான தடைகளால் வழக்கமான வங்கி வழியில் பணம் அனுப்புவது சிக்கலாக இருந்தது. 2021 டிசம்பரில், அந்தக் கடனைத் தேயிலை அனுப்பித் தீர்ப்பதற்கு இரு நாடுகளும் உடன்பட்டன. அம்மா பறித்த கொழுந்து எண்ணெய்க் கடனை அடைக்கப் போனது. இந்த ஒரே விடயத்தில் பொருளாதாரத் தடை, அந்நியச் செலாவணி நெருக்கடி, மத்திய கிழக்கு உறவு, பண்டமாற்று ஆகிய நான்கு பாடங்கள் இருக்கின்றன. நான்கையும் தனித்தனியே தேடிப் படியுங்கள்.

அடுத்து, குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1954இன் நேரு–கொத்தலாவல ஒப்பந்தம், 1964, 1974, பின்னர் 1988ஆம் ஆண்டின் சட்டம், அதன் பின் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இந்த வரிசையை நமது துயரக் கதையாக மட்டும் படித்தால் பரீட்சைக்குப் போதாது. கொழும்பு அந்த நேரத்தில் எதைக் கருதியது, டில்லி ஏன் இணங்கியது, 1962இல் சீனாவுடன் நடந்த யுத்தத்துக்குப் பிறகு அயல்நாடுகளோடு இணக்கம் தேடும் தேவை இந்தியாவுக்கு எப்படி இருந்தது என்று மூன்று பக்கமும் நின்று எழுதிப் பாருங்கள். உங்கள் பாட்டியை நாடு கடத்திய ஒப்பந்தத்தை அதில் கையொப்பமிட்டவரின் இடத்தில் நின்று விளக்குவது எளிதல்ல. மனம் வலிக்கும். ஆனாலும் அதைச் செய்யக்கூடியவரையே இந்தச் சேவை தேடுகிறது. விளக்குவதால் நியாயப்படுத்தியதாக ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு இந்திய உதவி. 2017 மே 12ஆம் திகதி நரேந்திர மோடி நோர்வூட்டில் நம் மக்கள் முன் உரையாற்றினார். டிக்கோயா வைத்தியசாலை திறக்கப்பட்டது, முன்னர் அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஒரு நாடு இன்னொரு நாட்டின் உள்ளே வாழும், தன்னோடு பூர்வீகத் தொடர்புள்ள மக்களுக்கு உதவும்போது அதைக் கையாளும் விதி என்ன, அரசியல் என்ன? நல்ல கட்டுரைத் தலைப்பு. இதை எழுதுவதில் கொழும்பு மாணவரைவிட உங்களுக்கு அனுகூலம் அதிகம்.

இந்த அடித்தளத்தின் மேல் நாட்டின் இராஜதந்திர வரலாற்றை ஒரு காலக்கோடாக வரையுங்கள். 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்திலிருந்து தொடங்கலாம். தலதா மாளிகைக்கு அருகே அது கைச்சாத்தான மகுல் மடுவவை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானுக்காக ஜே. ஆர். ஜயவர்தன ஆற்றிய உரை. 1952இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம். 1955இல் ஆசிய–ஆபிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாடு, அதே ஆண்டு டிசம்பர் 14இல் ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம். 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்திய பொதுச் சபைத் தீர்மானம். 1974, 1976 ஆண்டுகளில் இந்தியாவுடன் செய்த கடல் எல்லை உடன்படிக்கைகள். 1976 ஓகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு. 1987 ஜூலை இந்திய–இலங்கை உடன்படிக்கை. 1998இல் கையொப்பமான இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை. 2015இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் ஜெனீவாத் தீர்மானம். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் 99 ஆண்டுக் குத்தகை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஏன் நடந்தது, யாருக்கு என்ன கிடைத்தது, இன்று அதன் நிலை என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். திகதிகளை மட்டும் உருப்போடுபவர், “ஆராய்க” என்று முடியும் வினாவைக் கண்டதும் தடுமாறுவார்.

சார்க் (தெற்காசிய நாடுகளின் ஒத்துழைப்புச் சங்கம்), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பு), இந்து சமுத்திர விளிம்பு நாடுகள் சங்கம், பொதுநலவாயம், ஐக்கிய நாடுகள் சபையின் முக்கிய உறுப்புகள் ஆகியவற்றை அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும்.

வாசிப்பதற்குக் கண்டியிலுள்ள டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் நல்ல இடம். அது தூரம் என்பவர்கள் தங்கள் நகரசபை, பிரதேச சபை நூலகங்களைப் பயன்படுத்துங்கள். ஒரே அறையில் குடும்பமே வாழும் லயத்து வீட்டில் இரவுப் படிப்பு எத்தனை கடினம் என்பது தெரிந்ததே. கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையம் சர்வதேச உறவுகளில் பாடநெறிகள் நடத்துகிறது. வசதி இருந்தால் சேரலாம். சேராததால் பரீட்சையில் தோற்றுவிடுவோம் என்று எண்ண வேண்டாம். தினமும் ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியர் தலையங்கம். ஒரே செய்தியை இரண்டும் எப்படி வேறுபட்டுச் சொல்கின்றன என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

நுண்ணறிவு வினாக்களுக்குக் கடந்தகால வினாத்தாள்களே ஆசான். நிருவாகச் சேவை, திட்டமிடல் சேவைப் பரீட்சைகளின் தாள்களையும் சேர்த்துச் செய்யுங்கள். மணிக்கூட்டை முன்னால் வையுங்கள். ஒரு வினா பிடி கொடுக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகுங்கள்.

பரீட்சை நாளும் நேர்முகப் பரீட்சையும்

நிலையம் கொழும்பில் அமைந்தால் முதல் நாளே போய்விடுங்கள். மழைக்காலத்தில் நம் ரயில் பாதையும் ஹட்டன் வீதியும் எப்போது மண்சரிவில் அடைபடும் என்று சொல்ல முடியாது. அன்று காலை கிளம்பிச் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு மலையகத்தவருக்குச் சரிவராது. தங்குமிடத்தை விண்ணப்பிக்கும் நாளிலேயே பேசி வையுங்கள்.

எழுத்துப் பரீட்சையில் தேறினால் நேர்முகம். மூல ஆவணங்களும் பிரதிகளும் கேட்ட வரிசையில் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். சேலையோ, முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமோ, முன்னதாகவே உடுத்திப் பழகிய உடையாக இருக்கட்டும்.

தோட்டத்துப் பின்னணியை மறைக்க முயலாதீர்கள். “உங்கள் பெற்றோர் என்ன செய்கிறார்கள்?” என்ற கேள்விக்குத் தலை நிமிர்ந்து ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்: அம்மா கொழுந்து பறிக்கிறார். அனுதாபம் தேடும் தொனியும் வேண்டாம், தற்காப்பும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இந்நாட்டின் முகமாக இருக்கப் போகிறவர் தன்னைப் பற்றி நிதானமாகப் பேசக்கூடியவரா என்றே எதிரில் இருப்பவர்கள் பார்ப்பார்கள்.

கடினமான ஒரு கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். நீங்கள் தனிப்பட்ட முறையில் ஏற்காத அரசாங்க நிலைப்பாட்டை வெளிநாட்டு மன்றத்தில் எடுத்துரைக்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? தமிழராகிய நமக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வியாக இருக்காது. என் கருத்து இதுதான்: அமைச்சுக்குள் கோப்பில் உங்கள் மாற்றுக் கருத்தைத் துணிவோடும் ஆதாரத்தோடும் எழுதுங்கள்; வெளியே நாட்டின் நிலைப்பாட்டைச் சொல்லுங்கள்; பொய்யை மட்டும் சொல்லாதீர்கள். இதை உங்கள் சொந்த வார்த்தையில், முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள். லக்ஷ்மன் கதிர்காமர் என்ற தமிழர் இந்த நாட்டின் வெளிநாட்டமைச்சராக இருந்தார். அவரும், 1995இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மீளாய்வு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இராஜதந்திரி ஜயந்த தனபாலவும் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர்கள். இருவரின் உரைகளையும் தேடி வாசியுங்கள். நாட்டுக்காகப் பேசும்போது எந்த இடத்தில் அழுத்தம், எந்த இடத்தில் மௌனம் என்பதை அவற்றில் காணலாம். கதிர்காமரின் நிலைப்பாடுகளோடு உடன்படாத தமிழர் பலர் உண்டு. அந்த விமர்சனங்களையும் சேர்த்தே வாசியுங்கள்.

ஒரு தடவைக்கு எடுக்கப்படுபவர்கள் சில பத்துப் பேர்தான். அதனால் நிருவாகச் சேவை, திட்டமிடல் சேவை, கணக்காளர் சேவைப் பரீட்சைகளுக்கும் தகைமை இருந்தால் விண்ணப்பியுங்கள். படிப்பில் பெரும்பகுதி பொதுவானது. இடைக்காலத்தில் ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ வேலை கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருமானம் வந்தால் படிப்புக்கு நிம்மதி வரும். முதல் முயற்சி கைகூடாவிட்டால் பெறுபேற்றுத் தாளில் எந்த வினாத்தாளில் எத்தனை புள்ளி என்று குறித்துக்கொண்டு, மிகக் குறைந்த பாடத்துக்கு அடுத்த ஆறு மாதங்களைக் கொடுங்கள். உங்கள் குறிப்புக் கொப்பிகளைப் பிரதி எடுத்து, உங்களுக்குப் பின்னால் பட்டம் முடித்து வரும் பிள்ளைக்கும் ஒரு தொகுதி கொடுத்துவிடுங்கள்.